நிமிர்ந்து நிற்பது பாவமா?



நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழு என்றொரு பட்டியல் உண்டு. ஆங்காரம், உலோபித்தனம், மோகம், காய்மகாரம், போசனப்பிரியம், கோபம், சோம்பல். சொற்கள் பழையவை. காய்மகாரம் என்றால் பொறாமை என்று இன்றைய மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயினும் பட்டியலின் முதற் சொல்லை மாற்ற எவரும் துணிந்ததில்லை. ஆங்காரம், அதாவது செருக்கு, எப்போதும் முதலிடத்திலேயே நின்றது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சபையை வழிநடத்திய திருத்தந்தை பெரிய கிரகோரியார், அதை மற்றப் பாவங்களோடு சேர்த்து எண்ணவும் மனமின்றி, எல்லாப் பாவங்களுக்கும் அரசி என்று தனியே நிறுத்தினார்.

கடந்த நூற்றாண்டில் இன்னொருவரும் ஏழு என்ற கணக்கில் ஒரு பட்டியல் தந்தார். அது நற்பண்புகளின் பட்டியல். பகுத்தறிவு, தற்சார்பு, கொள்கை வழுவாமை, வாய்மை, நீதி, ஆக்கத்திறன் என்று ஆறைச் சொல்லி முடித்து, ஏழாவது நற்பண்பாக அவர் வைத்தது பெருமையை. நாம் பாவங்களின் தலையில் வைத்ததை அவர் புண்ணியங்களின் முடியில் வைத்தார். அவர் பெயர் அயன் ராண்ட். 1957இல் வெளிவந்த 'அட்லஸ் ஷ்ரக்ட்' என்னும் பெரிய நாவலிலும், 1964இல் வெளிவந்த, தன்னலத்தையே நற்பண்பென்று தலைப்பிலேயே அறிவித்த கட்டுரைத் தொகுப்பிலும் இதை விரித்துரைத்தார். தாழ்ச்சியையும் தியாகத்தையும் சென்மப் பாவத்தைப் பற்றிய போதனையையும் மனிதனை முடமாக்கும் கருத்துகள் என்று தள்ளினார்.

அந்தப் பெயரை நம் வீடுகளில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவருடைய எண்ணம் வேறு உடை உடுத்து உங்கள் பிள்ளைகளிடம் வந்துவிட்டது. கொழும்பிலும் கண்டியிலும் நடக்கும் ஆளுமை விருத்திப் பயிற்சிகளில், கைத்தொலைபேசியில் ஓடும் ஊக்கப் பேச்சுகளில் அதன் சாயலைக் காணலாம். உன்னை நீயே ஆக்கிக்கொள், எவருக்கும் நீ கடன்பட்டவன் அல்லன் என்று அவை சொல்கின்றன. ஞாயிறு திருப்பலியில் தாழ்ச்சியைப் பற்றிக் கேட்ட இளைஞன் திங்கட்கிழமை இதைக் கேட்கிறான். எது உண்மை என்று பங்குத்தந்தையிடம் வந்து கேட்பவர் சிலர். கேட்காமலே தீர்மானித்துக்கொள்பவர் பலர்.

முதலில் அந்த அம்மையாருக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். பெருமை என்று அவர் சொன்னது பணத்திமிரையோ குலத்திமிரையோ அன்று. மனிதன் தன் குணத்தைத் தானே செதுக்க வேண்டும், ஒழுக்கத்தில் நிறைவை எட்ட ஆசைப்பட வேண்டும், செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனியக் கூடாது, பிறர் காலடியில் பலிப்பொருளாகக் கிடக்கக் கூடாது என்பதே அவர் கருத்து. 1905இல் ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க் நகரில் பிறந்தவர் அவர். தந்தையின் மருந்துக்கடையைப் புரட்சி அரசு பறித்துக்கொண்டதைச் சிறுமியாகக் கண்ணால் கண்டவர். கூட்டத்தின் பெயரால் தனி மனிதனை நசுக்கும் ஆட்சியில் வளர்ந்த ஒருவர் தனி மனிதனின் மாண்பை உரத்துப் பேசினால் அதில் வியப்பில்லை. நாமும் காது கொடுக்கலாம்.

இடறல் வேறோர் இடத்தில் இருக்கிறது. எனக்கு எவரும் உதவி செய்யவில்லை, உதவி செய்வது எவருடைய கடமை என்றும் நான் எண்ணியதில்லை என்ற பொருளில் அவர் தம்மைப் பற்றி எழுதினார். ஆனால் 1926இல் அமெரிக்காவில் வந்திறங்கிய அந்த இளம்பெண்ணைச் சிக்காகோ நகரிலிருந்த தாய்வழி உறவினர் வரவேற்று, மாதக்கணக்கில் தங்கள் வீடுகளில் தங்க வைத்து, உணவு தந்து, வழிச்செலவுக்கும் கொடுத்து அனுப்பினார்கள் என்பதை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவரைப் பொய்யர் என்று சொல்ல நான் இதை எடுத்துக்காட்டவில்லை. பெருமையைத் தலையாய நற்பண்பாக வைத்துக்கொண்ட கண்ணுக்கு, தனக்குச் சோறிட்ட கை தெரியாமற் போகிறது. அவர் தமக்கு ஆசானென ஏற்றுக்கொண்ட ஒரே தத்துவ ஞானி அரிஸ்டோட்டில். அந்த அரிஸ்டோட்டில் வரைந்து காட்டும் பெருமைமிகு மனிதனுக்கும் இதே குறை உண்டு. தான் பிறருக்குச் செய்த நன்மையை அவன் நினைவில் வைத்திருப்பான். தான் பெற்ற நன்மையை நினைக்க வெட்கப்படுவான்.

இந்தச் சிந்தனை அமெரிக்கப் புத்தகங்களோடு புதிதாக நம்மிடம் வந்ததென்று நினைக்க வேண்டாம். இதன் பாட்டன் முறையிலான ஒருவர் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

கெசல்கமு ஓயாவின் ஊற்றுப் பகுதியான அந்தப் பள்ளத்தாக்கில், கொட்டியாகலை, கெம்பியன், லொய்னோன் என்று தோட்டங்கள் மலைக்கு மலை ஏறிக்கிடக்கும் நாட்டில், அங்கிலிக்கன் சபையாரின் புனித மரியாள் ஆலயம் ஒன்று உண்டு. அதன் வளவில் சார்ள்ஸ் ஹே கமரனும் அவருடைய மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் துயில்கிறார்கள். இலங்கை வரலாறு படித்த பிள்ளைகளுக்குக் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு நினைவிருக்கும். அந்தக் கமரன்தான் இவர். ஆங்கிலத் தத்துவ ஞானி பெந்தமின் வழிவந்தவர். தனக்கு எது நன்மை என்பதை அறிந்தவன் தனி மனிதனே, அவனை அரசும் வழக்கமும் கட்டிவைக்கக் கூடாது என்ற நம்பிக்கையோடு இத்தீவின் சட்டங்களையும் நீதிமன்றங்களையும் ஆராய்ந்தவர். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் 1832இல் நீக்கப்பட்டதிலும், 1833இன் சீர்திருத்தங்களிலும் அவருக்குப் பங்குண்டு. அது பெரும் நன்மை. கூலியின்றி வேலை வாங்கப்பட்ட மனிதனுக்குத் தன் உழைப்பின் மீது உரிமை கிடைத்தது.

பின்னாளில் அவரே இம்மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். 1875இல் மனைவியோடு இங்கு வந்து தங்கினார். மனைவி 1879இலும் அவர் 1880இலும் இங்கேயே இறந்தார்கள். அவர் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஆனால் அவருடைய தலைமுறை போற்றிய சுதந்திர மனிதன் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கு அஞ்சி வந்து, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்தவர் போக எஞ்சியவர் மலையேறினார்களே, அவர்களும் ஏட்டளவில் சுதந்திர மனிதர்களே. தம் விருப்பத்தால் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் என்றே சட்டம் அவர்களைக் கருதியது. நடைமுறையிலோ கங்காணியிடம் பட்ட கடன் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாதபடி கட்டுண்டு கிடந்தார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. தன் காலில் தானே நிற்பதாக எண்ணிய துரையின் பெருமை, கடனில் நின்ற அநேகருடைய தோள்களின் மீது நின்றது.

கமரனின் மனைவி ஜூலியா உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் என்பதும் சொல்லத்தக்கது. இங்கிலாந்தில் அவர் கவிஞர் டெனிசனையும் அறிவியலாளர் டார்வினையும் ஹெர்ஷலையும் படம் பிடித்தார். அந்தப் படங்களின் கீழ் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத்து உழைப்பாளிகளின் முகங்களும் உண்டு. அந்த முகங்களில் அவர் அழகையும் கம்பீரத்தையும் கண்டார் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதியப்படவில்லை.

பெயர் என்பது தோட்டத்தில் சாதாரணச் சொல் அன்று. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். பறித்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்குக் குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்'. மழையில் நனைந்து, அட்டை கடித்து, காலையிலிருந்து மாலை வரை நின்ற ஒரு தாய், தராசின் முன்னே அரைப் பேர் ஆகிவிடுகிறாள். இந்த வழக்கை முதலில் உண்டாக்கியவர் எவர் என்று தெரியாது. மனிதரைப் பற்றி ஒரு முழு ஏற்பாடும் என்ன நினைத்தது என்பதை அந்த இரண்டு சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன.

துரை வரும்போது தலைத்துண்டை அவிழ்த்து, குடையை மடக்கி, பாதையை விட்டு ஒதுங்கி நின்றதை நம் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூலி என்றும் தோட்டக்காட்டான் என்றும் அழைக்கப்பட்டதை இன்று நடுவயதில் இருப்பவர்களும் சொல்வார்கள். இத்தகைய மக்களிடம் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. எதிர்ப்பு வராது. தலைகள் ஏற்கெனவே குனிந்துதான் இருக்கின்றன. போதகருக்கு அது பக்தியாகவும் தோன்றலாம். தாழ்ச்சி வேறு, தாழ்த்தப்படுதல் வேறு என்பதைச் சொல்லாமல் விட்டால், மறையுரை துரைக்குச் செய்த உதவியாகவே முடியும்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை எடுத்து, பத்தாம் வசனம் முதல் பதினேழாம் வசனம் வரை வாசித்துப் பாருங்கள். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் ஒரு பெண். பதினெட்டு ஆண்டுகளாகக் கூன் விழுந்து, சற்றேனும் நிமிர முடியாதவள். பதினெட்டு ஆண்டு தரையையே பார்த்தவள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கூன் வணக்கம் போலத் தெரிந்திருக்கக்கூடும். எவ்வளவு அடக்கமான பெண் என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரம் முதுகை வளைக்க, செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் நம் தாய்மாரைப் பாதையோரம் நின்று பார்க்கும் சுற்றுலாப் பயணிக்கும் அது அழகிய காட்சியாகவே தெரிகிறது.

இயேசுவுக்கு அப்படித் தெரியவில்லை. அவள் கேட்கவில்லை, அவர் தாமே கண்டார், கூப்பிட்டார், கைகளை வைத்தார். அவள் நிமிர்ந்தாள். தொழுகைக்கூடத் தலைவனுக்குக் கோபம் வந்தது. அவன் ஆண்டவரிடம் நேரே பேசத் துணிவின்றி, மக்களைப் பார்த்து, வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து குணம் பெறக்கூடாதா என்று கடிந்துகொண்டான். அதற்கு ஆண்டவர் தந்த மறுமொழியை நிதானமாகக் கவனியுங்கள். மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவள் ஆபிரகாமின் மகள் அல்லவா என்று கேட்டார். நோயாளி என்று சொல்லவில்லை. பாவம் ஏழைப் பெண் என்றும் சொல்லவில்லை. அவளுடைய குலத்தையும் உரிமையையும் சபை நடுவே எடுத்துரைத்தார். அந்தக் கூடத்திலிருந்த அறிஞர் எவருக்கும் குறையாத வாரிசுரிமை அது. முதுகை நிமிர்த்தியதோடு பெயரையும் மீட்டுக்கொடுத்தார்.

நிமிர்ந்தவள் என்ன செய்தாள்? கடவுளைப் போற்றிப் புகழ்ந்தாள் என்கிறார் லூக்கா. அயன் ராண்டின் பெருமைக்கும் அந்தப் பெண்ணின் நிமிர்வுக்கும் இடையிலுள்ள தூரம் இந்த ஒரு செயலில் இருக்கிறது. இருவருமே நிமிர்ந்தவர்கள். ஒருவர், என்னை நான் நிமிர்த்தினேன் என்கிறார். மற்றவளுக்கு நிமிர்த்திய கை யாருடையது என்று தெரியும். தெரிந்ததனால் அவளுடைய நிமிர்வு ஓர் அங்குலமும் குறையவில்லை.

புனித தோமா அக்குவினாஸ் இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தெளிவாக வகுத்தார். அவர் அரிஸ்டோட்டிலை ஆழக் கற்றவர். பெரிய காரியங்களுக்கு ஆசைப்படும் பெருமனத்தை நற்பண்பென்றே ஏற்றார். தாழ்ச்சியையும் நற்பண்பென்றே போதித்தார். இரண்டும் எப்படிப் பொருந்தும்? கடவுள் தந்த கொடைகளை நினைக்கும்போது மனிதன் தன்னைப் பெரிய காரியங்களுக்குத் தகுந்தவனென்று எண்ணுகிறான், அது பெருமனம். தன் சொந்தக் குறைகளை நினைக்கும்போது தன்னைச் சிறியவனென்று அறிகிறான், அது தாழ்ச்சி. ஒரே மனிதன், இரு உண்மைகள். அவர் அத்தோடு நிற்கவில்லை. சிறுமனத்தையும் பாவமென்றார். தன் ஆற்றலுக்குத் தகுந்ததைச் செய்யாமல் அஞ்சி ஒதுங்குவது பாவம் என்பதற்கு, தலைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனைச் சான்று காட்டினார். நம் ஞானோபதேசப் பட்டியலில் இந்தப் பாவம் இல்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆன்ம சோதனை செய்கையில், ஆங்காரப்பட்டேனா என்று கேட்பதோடு, கடவுள் தந்ததைப் பயந்து புதைத்துவிட்டேனா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. மலையகத்தில் முதற் கேள்வியைவிட இரண்டாவது கேள்விக்கே அதிக வேலையிருக்கும் என்பது என் எண்ணம்.

வள்ளுவரும் இங்கே நம்மோடு நிற்கிறார். அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவர்தான் மானத்துக்கும் பெருமைக்கும் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. தமிழகத்தில் 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் சமயத்தைக் கடுமையாகச் சாடியது உண்மைதான். 1932இல் பெரியார் இலங்கைக்கும் வந்து பேசிச் சென்றார். அவருடைய கடவுள் மறுப்பை நாம் ஏற்க முடியாது. ஆனால் குனிந்தவனிடம் நிமிர் என்று சொன்னதை மறுக்கவும் நமக்கு உரிமையில்லை. அதை முதலில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் லூக்கா நற்செய்தியைக் கையில் வைத்திருந்த நாமே.

தாழ்ச்சியின் பெரும் போதகர் ஒருவரைப் பார்ப்போம். பிலிப்பி நகரில் புனித பவுலும் சீலாவும் விசாரணையின்றி ஊரார் முன்னே கோலால் அடிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மறுநாள் காலை, அவர்களைப் போகவிடுங்கள் என்று நடுவர்கள் ஆள் அனுப்பினார்கள். சிறைக்காவலனுக்கு மகிழ்ச்சி. நம்மில் எத்தனை பேர் அந்நேரம், விட்டால் போதும் என்று வெளியேறியிருப்போம்! பவுல் அசையவில்லை. நாங்கள் உரோமைக் குடிமக்கள். ஊரறிய அடித்துவிட்டு இப்போது இரகசியமாக வெளியேற்றுவதா? அவர்களே நேரில் வந்து எங்களை அழைத்துச் செல்லட்டும் என்றார். நடுவர்கள் அஞ்சி வந்து மன்றாடினார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் 16ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம்.

இனி அந்தப் பிலிப்பியருக்கே பவுல் பின்னர் எழுதிய திருமுகத்தை எடுங்கள். கடவுள் வடிவில் விளங்கிய கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் வடிவேற்று, சிலுவைச் சாவு வரை தம்மைத் தாழ்த்தினார் என்னும் அந்த உயர்ந்த பகுதி அதன் இரண்டாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது. தாழ்ச்சியைப் பற்றி விவிலியம் முழுவதிலும் இதைவிடப் பெரிய பகுதியை நான் அறியேன். அதை யாருக்கு எழுதினார்? தம் உரிமைக்காகச் சிறையை விட்டு அசைய மறுத்த அதே ஊரில் உள்ள சபைக்கு. அன்றைய நிகழ்ச்சியை அறிந்தவர்கள் அதைக் கேட்டவர்களுள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குக் குழப்பம் வந்திராது. கிறிஸ்து தம்மைத் தாமே தாழ்த்தினார் என்றே பவுல் எழுதுகிறார். கொடுக்கத் தம்மிடம் ஏதும் இல்லையென்று நம்ப வைக்கப்பட்டவரின் தாழ்வு அன்று அது. தம்மை அறைந்த காவலனிடம், நான் பேசியது சரியானால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டவரும் அவரே.

நம் நாட்டின் புனிதரான யோசேப் வாஸ் அடிகளாரும் அந்த வழியே வந்தவர். கோவாவில் உயர்குலத்தில் பிறந்த குருவான அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்த 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். 1711இல் கண்டியில் இறக்கும்வரை இம்மக்களுக்காக உழைத்தார். கூலி வேடம் அவர் தாமே பூண்டது. அதைப் பூண்டதனால் அவர் சிறியவராகிவிடவில்லை. அதே சொல்லை இன்னொரு மனிதன் முகத்தில் எறிவது தாழ்ச்சியைப் போதிப்பதாகுமா?

குடியுரிமை என்று பவுல் சொன்ன அந்தச் சொல் மலையகத்தில் ஆறாத புண். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இலட்சக்கணக்கான தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து பறிபோயிற்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கையாகப் பங்கிட்டது. அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் தலைமன்னாரில் பிரிந்தன. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் மனு எழுதியவர்களையும் வேலைநிறுத்தம் செய்தவர்களையும் ஆங்காரிகள் என்று எவரேனும் சொல்வாரானால், அவர் பவுலையும் அப்படியே சொல்ல வேண்டியிருக்கும்.

1823ஐத் தொடக்கமாகக் கொண்டு இரு நூற்றாண்டுகள் நிறைந்த 2023இல், முன்னோர் நடந்த தலைமன்னார் - மாத்தளைப் பாதையில் ஒரு நடைபயணம் இடம்பெற்றது. அதை முன்னெடுத்தோர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. அமைச்சர்களின் பெயருக்கு முன்னே வரும் சொல்லை, கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் தமக்கு உரித்தாக்கிக்கொண்டார்கள். அந்தப் பெருமையின் திசையையும் பாருங்கள். நடந்தவர்கள் தங்கள் சாதனையைச் சொல்லி நடக்கவில்லை. வழியில் விழுந்த முன்னோரை நினைத்து நடந்தார்கள். தமக்கு வாழ்வு தந்த கைகளை மறவாத பெருமை அது. அதன் முன்னே ஆபிரகாமின் மகள் என்ற சொல் நினைவுக்கு வருகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஊர் எது என்று கேட்டால், ஹட்டன் பக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. லயத்து இலக்கம் அறவே வருவதில்லை. இன்னொரு பிள்ளை படித்துப் பட்டம் பெற்று, உத்தியோகமும் பெற்று, எல்லாம் என் சொந்த முயற்சி என்கிறது. முதற் பிள்ளைக்கு வெட்கம், இரண்டாவதற்குக் கர்வம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இருவரும் ஒளிக்கும் பொருள் ஒன்றே. கொழுந்துச் சாறு கறுத்து வெடித்த ஒரு தாயின் விரல்கள். அந்த விரல்களைச் சொல்ல ஒருவன் கூசுகிறான். மற்றவனுக்கு அவற்றைச் சொன்னால் தன் கதை சிறுத்துவிடும் என்ற பயம். பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் எது இருக்கிறது என்ற பொருளில் பவுல் கொரிந்தியரிடம் கேட்ட கேள்வி இவர்கள் இருவருக்குமே உரியது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ படித்து முன்னேறினால்தான் மனிதன், இல்லாவிட்டால் எங்களைப் போலக் கிடக்க வேண்டியதுதான் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அன்பினாலேதான் சொல்கிறீர்கள், அறிவேன். ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை, தாயும் தகப்பனும் மனிதர் கணக்கில் இல்லை என்றல்லவா கற்றுக்கொள்ளும்? படிக்கச் சொல்லுங்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள். காரணத்தை மட்டும் மாற்றுங்கள். 2024 ஏப்ரலில் விசுவாசக் கோட்பாட்டுத் திருப்பீடத் துறை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு, மனித மாண்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதனின் மாண்பு அவன் ஈட்டிய வெற்றியால் வருவதன்று, அவன் மனிதனாக இருப்பதாலேயே கடவுளிடமிருந்து வருவது, எந்தச் சூழ்நிலையும் அதை அழிக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. பெருமையை ஈட்ட வேண்டும் என்ற அயன் ராண்டின் தராசில் நோயாளியும் முதியவரும் நிறை குறைந்த தாயும் அரைப் பேராகவே நிற்பார்கள். கடவுளின் செக்ரோலில் அரைப் பேர் இல்லை.

நவம்பர் மாதத்தில் இறந்த ஆன்மாக்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொடுக்கும் வழக்கம் நம் பங்குகளில் இருக்கிறது. பெரும்பாலும் தாய், தந்தை, தாத்தா, பாட்டி என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. இம்முறை வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். முதலில் மலையேறி வந்தவர் யார், எந்தச் சீமையிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார், தேயிலைக்கு இடையே எந்த மேட்டில் புதைக்கப்பட்டார் என்று கேட்டுப் பிள்ளைகளின் கையாலேயே எழுத வையுங்கள். பெயர் மறந்துபோன ஒருவர் இருந்தால் உறவு முறையையும் தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். பட்டியல் நீண்டுவிட்டால் கவலை வேண்டாம். குருவானவர் வாசிப்பார்.